பத்து மாதம் ஃபில்டர் போட்டுப் பார்த்த சினிமா

போன ஆகஸ்ட் மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு ஃபில்டர் சேவை வாங்கினோம். நெட்ஃப்ளிக்ஸ், அமேசான் என்று நாம் ஏற்கெனவே பணம் கட்டுகிற இடங்களில் ஓடும் படத்தின் மேல் இது உட்கார்ந்துகொள்ளும். கெட்ட வார்த்தை வரும் இடத்தில் ஒலியை அடைக்கும். படுக்கையறைக் காட்சியையும் ரத்தத்தையும் தாண்டிப் போகும். எதை அடைக்க வேண்டும், எதைத் தாண்ட வேண்டும் என்று நாம்தான் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். மாதம் ஏறத்தாழ பத்து டாலர். இந்த மே மாதத்தோடு நிறுத்திவிட்டோம்.

நாங்கள் டாலஸ் பக்கத்தில் இருக்கிறோம். மகளுக்கு 13 வயது, மகனுக்கு 9. சபையில் பிள்ளைகள் வைத்திருக்கிற அக்காமார் பலர் "அது எப்படி இருக்கு, வாங்கலாமா?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட ஒரே இடத்தில் எழுதிவிடலாம் என்று தோன்றியது. எந்த நிறுவனம் என்று எழுதவில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் பெரும்பாலும் இந்த முறைக்கே உரியவை. ஒரு கடையை மட்டும் குற்றம் சொன்னதாக ஆகிவிடக் கூடாது. கூடவே, காசில்லாமல் கிடைக்கிற இன்னொன்றைப் பற்றியும் சொல்கிறேன். பிளக்டு இன் என்ற பெற்றோர் வழிகாட்டி. இப்போது எங்கள் வீட்டில் அதைத்தான் பார்க்கிறோம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி எங்கள் வீட்டில் படம் பார்க்கிற ராத்திரி. போன வருஷம் என் மாமியார் தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத்திலிருந்து வந்து ஆறு மாதம் எங்களோடு தங்கியிருந்தார்கள். அத்தை எழுபது தாண்டியவர்கள். ரிமோட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எந்த நொடியில் என்ன வருமோ என்று நெஞ்சு படபடக்கப் படம் பார்ப்பது எப்படி இருக்கும் என்று மாமியாரோடு உட்கார்ந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். ஃபில்டர் வந்ததும் அந்தப் படபடப்பு போய்விட்டது. விளையாட்டுப் படம் ஒன்று, கதை அருமையானது, உடை மாற்றும் அறையில் மட்டும் நாலைந்து வார்த்தைகள். அந்த மாதிரிப் படங்களுக்கு இந்தச் சேவை உண்மையிலேயே நன்றாக வேலை செய்கிறது. அத்தையும் பேத்தியும் ஒரே போர்வைக்குள் உட்கார்ந்து, முறுக்கைக் கடித்துக்கொண்டு, கடைசிப் பந்தயத்துக்கு ஒன்றாகக் கை தட்டினார்கள். அதற்காகவே அந்தப் பத்து டாலர் கொடுக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன்.

முதல் தடுமாற்றம் அமைப்புத் திரையிலேயே வந்தது. படம் போடுவதற்கு முன்னால் ஒரு பட்டியல் திறக்கும். மொழி, வன்முறை, பாலியல், போதை என்று தலைப்புகள். மொழி என்பதைத் தொட்டால் அந்தப் படத்தில் உள்ள ஒவ்வொரு கெட்ட வார்த்தையும் முதல் எழுத்தோடும், நடுவில் நட்சத்திரங்களோடும், எத்தனை முறை என்ற எண்ணிக்கையோடும் வரிசையாக நிற்கும். பாலியல் என்பதைத் தொட்டால் ஒவ்வொரு காட்சிக்கும் ஒரு வரி விளக்கம். நான் சோபாவில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக டிக் அடித்துக்கொண்டிருந்தேன். மகள் பின்னால் வந்து நின்றதைக் கவனிக்கவில்லை. "அம்மா, இதுல அஞ்சாவது மட்டும் எனக்குத் தெரியல. அது என்ன வார்த்தை?" என்றாள். மற்ற நான்கும் அவளுக்குத் தெரிந்திருந்தது என்பதும் அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. அடுத்த வாரத்திலிருந்து மத்தியானமே தனியாக உட்கார்ந்து அமைத்து வைத்துவிடுவேன். வாங்கப்போகிறவர்கள் இதை முதல் நாளே செய்துகொள்ளுங்கள்.

இரண்டாவது, நேரம் தப்பிப்போவது. சில ராத்திரிகளில் ஒலி அரை நொடி தாமதமாக அடைபடும். வார்த்தை முழுசாக வந்து விழுந்துவிடும், அதன் பிறகு ஒரு கனமான மௌனம் வரும். இது ஏன் இப்படி என்று என் கணவர் தேடிப் பார்த்தார். இதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதையே இருக்கிறது.

1998ல் யூட்டா மாநிலத்தில் அமெரிக்கன் ஃபோர்க் என்ற ஊரில் ஒரு வீடியோ கடை, உங்கள் டைட்டானிக் கேசட்டைக் கொண்டுவந்தால் ஐந்து டாலருக்கு நிர்வாணக் காட்சியை வெட்டித் தருகிறோம் என்று ஆரம்பித்தது. மோர்மன் சபையார் நிறைந்த பகுதி அது. 'ஆர்' என்ற, பெரியவர்களுக்கான தரச்சான்று பெற்ற படங்களைப் பார்க்காதீர்கள் என்று அவர்களுடைய சபைத் தலைவர் எஸ்ரா டாஃப்ட் பென்சன் 1986லேயே வாலிபர்களுக்குச் சொல்லியிருந்தார். அப்புறம் கிளீன்ஃப்ளிக்ஸ் என்ற நிறுவனம் வெட்டிய பிரதிகளை வாடகைக்கும் விலைக்கும் கொடுத்தது. இயக்குநர்களும் ஸ்டூடியோக்களும் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2006ல் டென்வர் நீதிமன்றம், வெட்டிய பிரதியை விற்பது காப்புரிமை மீறல் என்று தீர்ப்புச் சொன்னது. அதற்கு முந்தின வருஷம், 2005ல், குடும்பத் திரைப்படச் சட்டம் வந்திருந்தது. முறையாக வாங்கிய பிரதியை வீட்டில் பார்க்கும்போது அங்கங்கே தாண்டவும் ஒலியை அடைக்கவும் அது இடம் கொடுத்தது. வெட்டிய பிரதியை உண்டாக்கி வைத்துக்கொள்ளத்தான் கூடாது. பிறகு விட்ஏஞ்சல் என்ற ஃபில்டர் நிறுவனம் வந்தது. டிஸ்கை 20 டாலருக்கு விற்று, பார்த்து முடித்ததும் 19 டாலருக்குத் திரும்ப வாங்கிக்கொள்கிற ஏற்பாடு. அனுமதியில்லாமல் படத்தைப் பிரதி எடுத்து ஓடவிடுகிறார்கள் என்று டிஸ்னியும் வார்னரும் வழக்குப் போட்டன. 2019ல் ஜூரி 62.4 மில்லியன் டாலர் கட்டச் சொன்னது. 819 படங்களைக் கணக்கில் எடுத்தார்கள். அடுத்த வருஷம் 9.9 மில்லியனுக்குச் சமாதானம் ஆனது.

ஆக, இன்றைக்கு இந்தச் சேவைகள் படத்தைத் தொட முடியாது. எந்த நிமிடம், எந்த நொடி என்ற குறிப்புகளை மட்டும் வைத்துக்கொண்டு, ஓடுகிற படத்தோடு கூடவே ஓட வேண்டும். படம் ஒரு நொடி முன்னே பின்னே ஆனால் கத்தரிக்கோல் தப்பான இடத்தில் விழும். எங்களுக்கு நடந்தது அதுதான். இதை நான் பெரிய குறையாகச் சொல்லவில்லை. கெட்ட வார்த்தை ஒன்று காதில் விழுந்தால் பிள்ளை கெட்டுவிடும் என்று நான் நம்புகிறவள் இல்லை. ஆனால் சரியான நேரத்தில் அடைபட்ட மௌனங்களே வேறு ஒரு வேலை செய்தன. என் மகன் அவற்றை நிரப்ப ஆரம்பித்தான். உதடு அசைவதைப் பார்த்து, "இப்ப என்ன சொன்னான், கண்டுபிடிச்சிட்டேன்" என்று குதிப்பான். சும்மா விட்டிருந்தால் கவனிக்காமல் போயிருப்பான்.

மூன்றாவதுதான் என்னை உலுக்கியது.

பரிசுத்த நாமத்தை வீணாகச் சொல்வது என்று ஒரு பிரிவு உண்டு. 'உன் தேவனாகிய கர்த்தருடைய நாமத்தை வீணிலே வழங்காதிருப்பாயாக' என்பது நாங்கள் ஓய்வுநாள் பள்ளியில் மனப்பாடம் செய்த கட்டளை. அமெரிக்கப் படங்களில் எரிச்சல் வந்தால் ஆண்டவருடைய பெயரைத்தான் சொல்கிறார்கள். எனக்கு மற்ற எந்த வார்த்தையைவிடவும் அதுதான் காதில் ஈயம் காய்ச்சி ஊற்றின மாதிரி இருக்கும். அதனால் முதலில் டிக் அடித்தது அந்தப் பிரிவைத்தான். ஒரு வெள்ளிக்கிழமை ஒரு ஆஸ்பத்திரிக் காட்சி. பேரன் படுக்கையில் கிடக்கிறான். ஒரு வயதான அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிப் பேசுகிறாள். உதடு அசைகிறது, சத்தம் இல்லை. மறுபடியும் அசைகிறது, சத்தம் இல்லை. திரும்ப வைத்து, ஃபில்டரை எடுத்துவிட்டுக் கேட்டேன். அவள் "இயேசுவே, இயேசுவே" என்று ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள். அந்தப் படம் முழுவதிலும் இருந்த ஒரே ஜெபம் அது. அதை நான்தான் அடைத்திருந்தேன்.

யாரோ ஒருவர் குறிப்பு எழுதும்போது தவறுதலாகப் போட்டிருக்கலாம். நான் எழுதிச் சொன்னேன், திருத்துகிறோம் என்று பதில் வந்தது. ஆனால் அந்த ராத்திரிக்குப் பிறகு நான் வேறு மாதிரிப் பார்க்க ஆரம்பித்தேன். ஒரு பெயர் எத்தனை தடவை வருகிறது என்று எண்ண முடிகிறது. அது கூப்பிடுதலா, திட்டா என்பதை முழுக் காட்சியையும் பார்க்கிற ஒரு மனுஷர்தான் சொல்ல முடியும்.

அதற்கு ஒரு மாதம் கழித்துப் போர்ப்படம் ஒன்று பார்த்தோம். நான் ரத்தம், காயம், சாவு எல்லாவற்றுக்கும் டிக் அடித்து வைத்திருந்தேன், மகன் சின்னவன் என்று. படம் ஓடியது. டாங்கிகள் வந்தன, கொடி பறந்தது, வாத்தியம் முழங்கியது. ஒரு சின்னப் பையன், பதினெட்டு வயது இருக்கும், பள்ளத்தில் குனிந்து வீட்டுக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தான். எழுந்து நின்றான். அடுத்த நொடி திரையில் வேறு இடம், வேறு வெளிச்சம். ஒரு அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார்.

அத்தை கேட்டார்கள்: "ஏம்மா, அந்தப் பையனுக்கு என்ன ஆச்சு? காட்டவே இல்லியே."

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். படம் முடிந்ததும் மகன் துடைப்பத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு ஹாலில் அணிவகுத்து நடந்தான். "போர்னா சூப்பரா இருக்கும்மா" என்றான். அத்தை ஒன்றும் பேசாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய அண்ணன் 1971 போரில் ஒரு காலை இழந்தவர். பிறகு அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அண்ணன் ராத்திரி படுக்கப்போகும்போது கட்டைக் காலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்து வைப்பார், வீட்டுப் பிள்ளைகள் அதைத் தொடப் பயப்படுவார்கள், அவர் தூக்கத்தில் இல்லாத காலைச் சொறிவார் என்று சொன்னார்கள். மகன் துடைப்பத்தைக் கீழே வைத்துவிட்டான். "வலிக்குமா?" என்று கேட்டான்.

நான் போட்ட ஃபில்டர் அன்றைக்குச் செய்தது இதுதான். போரின் அழகை எல்லாம் விட்டுவைத்து, போரை எடுத்துவிட்டது. ஒன்பது வயதுப் பையனுக்கு அந்தச் சாவைக் காட்டியிருக்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் படமே அவனுக்கு உரியதில்லை, இன்னும் நாலு வருஷம் பொறுத்திருக்க வேண்டும். ஃபில்டர் இருக்கிற தைரியத்தில்தான் போட்டேன். அது இல்லாவிட்டால் அன்றைக்கு வேறு படம் எடுத்திருப்பேன்.

அடுத்த வாரம் குடும்ப ஜெபத்தில் வேதப்பாடம் 2 சாமுவேல் 11ஆம் அதிகாரத்தில் வந்து நின்றது. தாவீது உப்பரிகையிலிருந்து பத்சேபாள் குளிப்பதைப் பார்க்கிறான். அப்புறம் உரியாவைப் போர்முனையில் கொல்லக் கொடுக்கிறான். என் கணவர் வாசித்துக்கொண்டே என்னைப் பார்த்தார். இந்த அதிகாரத்துக்கு ஃபில்டர் போட்டால் என்ன மிஞ்சும்? குளிப்பது போய்விடும், படுக்கை போய்விடும், கொலை போய்விடும். பன்னிரண்டாம் அதிகாரத்தில் நாத்தான் வந்து ஆட்டுக்குட்டிக் கதையைச் சொல்லி 'நீயே அந்த மனுஷன்' என்று விரல் நீட்டும்போது, எந்த மனுஷன், அவன் என்ன பண்ணினான் என்று பிள்ளைகள் கேட்பார்கள். வேதம் எதையும் மூடவில்லை. அது பாவத்தைப் பாவமாகவே காட்டுகிறது. அதன் வலியையும் விளைவையும் காட்டுகிறது. ருசித்துப் பார்க்கும்படி காட்டவில்லை. நான் ஒரு படத்தில் தேட வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். எந்தப் பட்டியலிலும் அதற்கு டிக் அடிக்கிற பெட்டி இல்லை.

இதற்கு நேர் எதிரான ஒன்றும் பார்த்தோம். ஒரு நகைச்சுவைப் படம். ஃபில்டர் போட்ட பிறகு ஒரு குறையும் இல்லை, சுத்தமோ சுத்தம். ஆனால் கதை என்னவென்றால், கணவன் மனைவிக்குத் துரோகம் பண்ணுகிறான். படம் அவன் பக்கம் நின்று, மாட்டிக்கொள்ளாமல் தப்பிப்பதற்குக் கை தட்டுகிறது. படுக்கையறையை வெட்டியாயிற்று. கைத்தட்டலை எப்படி வெட்டுவது?

சரி, பிளக்டு இன்னுக்கு வருகிறேன். கொலராடோ ஸ்பிரிங்ஸில் இருக்கிற ஃபோகஸ் ஆன் தி ஃபேமிலி நடத்துவது. ஜேம்ஸ் டாப்சன் 1977ல் தொடங்கிய கிறிஸ்தவ அமைப்பு அது. பிளக்டு இன்னில் படம், தொலைக்காட்சித் தொடர், பாட்டு, வீடியோ கேம் எல்லாவற்றுக்கும் விமர்சனம் உண்டு. பணம் கட்ட வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் ஒரே வரிசையில் தலைப்புகள். முதலில் கதைச் சுருக்கம். அப்புறம் படத்தில் நல்லது என்ன, ஆவிக்குரிய விஷயங்கள் என்ன, பாலியல், வன்முறை, மொழி, குடியும் போதையும், பிறகு மற்றவை. கடைசியில் எழுதியவரின் முடிவு.

எனக்குப் பிடித்தது, நல்லதை முதலில் வைக்கிற அந்த வரிசை. யார் யாரை மன்னித்தார், யார் தியாகம் பண்ணினார் என்று ஆரம்பித்து அதற்குப் பிறகுதான் குறைக்குப் போகிறார்கள். 'உண்மையுள்ளவைகளெவைகளோ, ஒழுக்கமுள்ளவைகளெவைகளோ' என்று பிலிப்பியர் நாலாம் அதிகாரத்தில் வருகிற வசனத்தைச் சபையில் நாம் எப்போதும் தடுப்பதற்கே பயன்படுத்துகிறோம். பவுல் அங்கே 'அவைகளையே சிந்தித்துக்கொண்டிருங்கள்' என்று தேடச் சொல்கிறார். இவர்கள் தேடுகிறார்கள்.

எண்ணுவதையும் விடுவதில்லை. இந்த வார்த்தை ஏறத்தாழ இத்தனை முறை, ஆண்டவருடைய பெயர் இத்தனை முறை தவறாகச் சொல்லப்படுகிறது என்று எழுதிவிடுவார்கள். எந்தக் காட்சி, எவ்வளவு நேரம், யாருக்கு நடக்கிறது என்பதையும் வாக்கியமாக எழுதுகிறார்கள். அதனால் அந்த வன்முறை கதைக்குள் என்ன செய்கிறது என்று நமக்கே புரிகிறது. பள்ளிக்கூட வாசலில் காரில் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் ஒரு படத்தை வாசித்துவிடுவேன்.

பார்க்கலாம், பார்க்கக் கூடாது என்று ஒரே வார்த்தையில் பதில் எதிர்பார்க்கிறவர்களுக்கு இது ஏமாற்றமாக இருக்கும். முடிவை நம் கையில் விட்டுவிடுகிறார்கள். எனக்கு அது வேண்டியிருந்தது. போன மார்ச்சில் மகளுடைய சிநேகிதிகள் ஒரு பிஜி-13 படத்துக்கு, அதாவது 13 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு ஜாக்கிரதை என்று சான்று பெற்ற படத்துக்கு, கிளம்பினார்கள். "நீயே வாசி, வாசிச்சிட்டு எனக்குச் சொல்லு" என்று போனைக் கொடுத்தேன். அவள் அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து முழுவதையும் வாசித்தாள். பேய், மந்திரம் எல்லாம் வருகிறது, அதைப் பற்றி அவளுக்குக் கவலையில்லை. ஒரு பெண் தன் உடம்பை வெறுத்துத் தன்னையே காயப்படுத்திக்கொள்கிறாள் என்று ஒரு வரி இருந்தது. "எனக்கு இது வேண்டாம்மா, நான் ராத்திரி தூங்க மாட்டேன்" என்றாள். அவள் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருப்பது பிறகு பேசும்போது தெரிந்தது. நாங்கள் அன்றைக்கு அடுப்பை அணைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசினோம். ஃபில்டர் போட்டுப் பார்த்த எந்தப் படத்தாலும் அப்படி ஒரு பேச்சு எங்களுக்குள் வந்ததில்லை.

குறைகளும் உண்டு. கதையை முழுசாகச் சொல்லிவிடுவார்கள். திருப்பம் வேண்டும் என்கிறவர்கள் ஒருவர் வாசித்து மற்றவர்களுக்குச் சொல்லாமல் இருக்க வேண்டும். மந்திர தந்திரக் கதைகளில் அவர்கள் காட்டுகிற ஜாக்கிரதை எனக்குச் சில சமயம் அதிகமாகத் தோன்றும். எங்கள் சபையிலேயே அதைப் பற்றி ஒரே கருத்து இல்லை. கத்தோலிக்கர்கள் வேறு விதமாக எடை போடுகிறார்கள். அமெரிக்கக் கத்தோலிக்க விமர்சனங்களில் ஏ-1 என்றால் எல்லோருக்கும், ஏ-2 வளரிளம் பருவத்தினருக்கும் பெரியவர்களுக்கும், ஏ-3 பெரியவர்களுக்கு, எல் என்றால் பெரியவர்களிலும் சிலருக்கு மட்டும், ஓ என்றால் ஒழுக்கத்துக்கு விரோதமானது. ஒரே எழுத்தில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்கள் அதைப் பார்க்கலாம். மதச்சார்பில்லாத கிட்ஸ் இன் மைண்ட் என்ற தளம் பாலியல், வன்முறை, மொழி மூன்றுக்கும் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடும். அவசரத்துக்கு அதுவும் உதவும்.

அமெரிக்கச் சபைகளுக்கு இந்தத் தராசு புதிதில்லை. 1930ல் ஹாலிவுட்டுக்கு எழுதப்பட்ட ஒழுக்க விதிகளை எழுதியவர்களில் ஒருவர் டேனியல் லார்ட் என்ற இயேசு சபைப் பாதிரியார். 1934ல் கத்தோலிக்கர்கள் கோயிலில் எழுந்து நின்று, கெட்ட படங்களுக்குப் போக மாட்டோம் என்று உறுதிமொழி எடுத்தார்கள். ஸ்டூடியோக்கள் பயந்துபோய் விதிகளைக் கறாராக நடத்தின. 1968ல் அவை போய் இன்றைய தரச்சான்று முறை வந்தது. இத்தனை வருஷ அனுபவத்துக்குப் பிறகும் எண்ணுவதையும் பார்ப்பதையும் குழப்பிக்கொள்கிறோம். 1997ல், நாஜிகள் யூதர்களைக் கொன்றதைக் காட்டும் ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட் படத்தை என்பிசி தொலைக்காட்சி ஏறத்தாழ வெட்டாமல் காட்டியபோது, டாம் கோபர்ன் என்ற காங்கிரஸ் உறுப்பினர் நிர்வாணமும் வன்முறையும் வீட்டுக்குள் வந்துவிட்டது என்று கண்டித்தார். அந்த நிர்வாணம், சாகடிக்கப்படப் போகிறவர்களுடைய ஆடையைப் பிடுங்கி ஓட வைத்த நிர்வாணம். அவருடைய கட்சியினரே எதிர்த்துப் பேச, மன்னிப்புக் கேட்டார். மனம் நொந்து சொன்னவர்தான், கெட்ட எண்ணமில்லை. நான் அவரை இங்கே குறிப்பிடுவது, அந்த ஆஸ்பத்திரிக் காட்சியில் நானும் அதையே செய்தேன் என்பதால்.

2004ல் இயேசுவின் பாடுகளைக் காட்டும் தி பேஷன் ஆஃப் தி கிரைஸ்ட் படம் வந்தபோது, ஆர் தரச்சான்றுப் படங்களுக்கே போகாத சபைகள் திரையரங்கை மொத்தமாக எடுத்துப் பார்த்தன. அவ்வளவு ரத்தத்தையும் யாரும் தாண்டிப் போகச் சொல்லவில்லை, அது யாருக்காகச் சிந்தப்பட்டது என்று அவர்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் ஏறத்தாழ ஐந்து நிமிடத்தை வெட்டி மறுபடி வெளியிட்டார்கள். முதல் தடவை வந்த கூட்டம் அதற்கு வரவில்லை.

இரண்டு சேவையும் கைவிடுகிற ஒரு இடம் இருக்கிறது. தமிழ்ப் படம். பிளக்டு இன் பெரும்பாலும் அமெரிக்காவில் பரவலாக வெளியாகிற படங்களைத்தான் எடுத்துக்கொள்கிறது. தணிக்கைச் சான்றிதழைப் பார்த்தால் போதும் என்று சிலர் சொல்வார்கள். இந்தியாவில் இப்போது யுஏ சான்றிதழையே 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள், நல்ல காரியம். கெட்ட வார்த்தைக்கு ஒலியை அடைத்துவிடுகிறார்கள், சிகரெட் வந்தால் மூலையில் எச்சரிக்கை வருகிறது. ஆனால் 'வேண்டாம்' என்று தெளிவாகச் சொன்ன பெண்ணை நாயகன் பஸ் ஸ்டாப் வரைக்கும், ஆபீஸ் வரைக்கும், வீட்டு வாசல் வரைக்கும் பின்தொடர்ந்து, கடைசியில் அவள் சிரித்துச் சம்மதிக்கிற பாட்டுக்கு எந்த எச்சரிக்கையும் இல்லை. கருப்பாக இருக்கிற பெண் வந்தாலே சிரிப்பு என்று வைக்கிற காமெடிக்கு இல்லை. என் மகளுக்கு அத்தையின் நிறம். அவள் அந்தக் காட்சி வரும்போது எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவாள். அதைக் கவனிக்க எனக்கு ரொம்ப நாள் ஆயிற்று.

என் அப்பா சாயர்புரத்தில் பள்ளிக்கூட வாத்தியார். சினிமாக் கொட்டகை வாசலை மிதிக்காத வீட்டில் வளர்ந்தவர். எங்களுக்கு எட்டு, ஒன்பது வயதில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தூர்தர்ஷனில் படம் போடுவார்கள், பக்கத்து வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்ப்போம். அப்பா தடுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை, வந்து சாப்பிடும்போது கதையை முழுசாக அவரிடம் சொல்ல வேண்டும். சொல்லி முடித்ததும் "அந்தப் படத்துல யாரு யாரை மனுஷனா நடத்தல?" என்று கேட்பார். அக்காவும் நானும் சண்டை போட்டுக்கொண்டு பதில் சொல்வோம். சில சமயம் பதில் கதாநாயகனாகவே இருக்கும்.

இப்போது சபையில் நாங்கள் மூன்று தாய்மார் சேர்ந்து ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறோம். புதிதாக ஸ்ட்ரீமிங்குக்கு வருகிற தமிழ்ப் படத்தை ஒருவர் முதலில் பார்த்துவிட்டு, பிளக்டு இன் தலைப்புகளிலேயே குறிப்பு எழுதி அனுப்ப வேண்டும். நல்லது என்ன என்பதில்தான் ஆரம்பிக்க வேண்டும். கடைசியில் இரண்டு தலைப்புகளை நாங்களாகச் சேர்த்திருக்கிறோம்: பெண்ணின் 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் படத்தில் என்ன மதிப்பு, யாருடைய நிறத்தையோ சாதியையோ வைத்துச் சிரிக்க வைக்கிறார்கள் என்று. பிள்ளைகளோடு சேர்ந்து பார்க்கும்போது அப்பாவுடைய கேள்வியை நான் அப்படியே கேட்கிறேன். ஃபில்டர் நிறுத்தியதில் மிச்சமாகும் பத்து டாலருக்கு ஒவ்வொரு மாதமும் ஒரு படம் வாடகைக்கு எடுக்கிறோம், மகளும் மகனும் மாறி மாறித் தேர்ந்தெடுக்கிறார்கள்.

இந்த வாரக் குறிப்பு எழுத வேண்டியது என் முறை. படம் இரண்டே முக்கால் மணி நேரம். பிள்ளைகள் தூங்கின பிறகு பாதி பார்த்திருக்கிறேன். முதல் தலைப்புக்கு இப்போதைக்கு ஒரு வரி கிடைத்திருக்கிறது: அப்பா, மகனிடம் மன்னிப்புக் கேட்கிறார்.